தெசலோனிகிக்குப் போன மக்ரூன் டப்பா

"பிளைட்டுல எடமே இல்லட்டி!" என்று மெல்சி சொன்னது பச்சைப் பொய்.

இடம் இருந்தது. ஆனால் ஹங்கேரியின் புடாபெஸ்டிலிருந்து கிரேக்கத்தின் தெசலோனிகிக்கு ஒருத்தி பறக்கும் காசில் மூன்று பேர் பஸ்ஸிலேயே போய்விடலாம்! புடாபெஸ்டில் படித்துக்கொண்டிருந்த மெல்சிக்கும் ஊர் சுற்ற ஆசை. கூடவே அங்கேயே படிக்கும் தம்பி ஜெரினையும் சேர்த்துக்கொண்டாள்.

தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த சித்தி மகள் ஃப்ளாவியா அந்தப் பொய்யை நம்பிவிட்டாள். அவள் கவலையெல்லாம் ஒன்றுதான். அப்பாவின் சரக்குக் கப்பல் வெள்ளிக்கிழமை தெசலோனிகிக்கு வருகிறது. பொழுது சாயும்வரை அவர் கரையில் இருக்கலாம். வீட்டுக்கே வராமல் கப்பல் மாற்றிக் கப்பல் ஏறும் அப்பாவை அவள் பார்த்து இரண்டு வருடம்.

"நமக்குன்னு வந்த மக்ரூனக்கா அது!" என்று பஸ்ஸில், ஃப்ளாவியா ஊரிலிருந்து கொண்டுவந்த முந்திரி இனிப்பு டப்பாவைப் பார்த்து ஜெரின் முனகினான்.

"எங்கப்பாவுக்குல! தொட்டா கையை ஒடிச்சிருவேன்" என்று ஃப்ளாவியா டப்பாவை மடியில் வைத்துக்கொண்டாள்.

பஸ் செர்பிய எல்லையில் நின்றது. ஹங்கேரி அதிகாரி ஃப்ளாவியாவின் பாஸ்போர்ட்டைப் புரட்டினார். "இது ஒரே ஒரு முறை நுழைவதற்கான விசா. செர்பியா இதற்குள் வராது. இங்கே வெளியேறினால் மறுபடி கிரேக்கத்துக்குள் விடமாட்டார்கள்" என்றார்.

மெல்சிக்கும் ஜெரினுக்கும் மாணவர்களுக்கான குடியிருப்பு அட்டை இருந்தது. எந்த எல்லையையும் தாண்டித் திரும்பலாம். வந்தவளின் விசா என்ன விசா என்று அவள் ஒருமுறைகூடக் கேட்டுப் பார்க்கவில்லை!

மூவரும் இறங்கினார்கள். பஸ் போய்விட்டது.

"அப்ப எங்கப்பாவ பாக்க முடியாதாட்டி?" ஃப்ளாவியாவின் குரல் உடைந்தது.

"பாக்கலாம்! ருமேனியா, பல்கேரியா வழியா சுத்திப் போவோம். அந்த ரெண்டு நாடும் உன் விசாவுக்குள்ளதான். ஓடு!" என்றாள் மெல்சி.

பக்கத்து ஊர் ஸ்டேஷனுக்கு ஓடினார்கள்! நகர ஆரம்பித்த ருமேனியா ரயிலில் ஜெரின் முதலில் தாவி மற்ற இருவரையும் இழுத்துப் போட்டான். ருமேனியா எல்லையில், டான்யூப் ஆற்றங்கரையில், பல்கேரியாவுக்குப் பாலம் தாண்ட வண்டியே இல்லை. வெங்காய லாரி ஒன்றை ஜெரின் கும்பிட்டு நிறுத்தினான். மூட்டைகளுக்கு நடுவே கண் எரிய உட்கார்ந்திருந்தபோது ஃப்ளாவியா மெல்சியின் தோளில் சாய்ந்தாள்.

"நீ இல்லன்னா நான் என்னட்டி செஞ்சிருப்பேன்?"

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். மெல்சி முகத்தைத் திருப்பிக்கொண்டு, வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டு அழுதாள்.

பல்கேரியாவில் பஸ் மாறி, தெசலோனிகி துறைமுக வாசலுக்கு வந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. காலையிலிருந்து காத்திருந்த ரூபர்ட் சித்தப்பா, இனி வரமாட்டார்கள் என்று உள்ளே திரும்பிக்கொண்டிருந்தார்.

"அப்பா!"

ஃப்ளாவியா பாய்ந்து போய்க் கட்டிக்கொண்டாள். வென்றுவிட்டார்கள்! டப்பாவைத் திறந்தால் மக்ரூன் எல்லாம் தூள். அவர் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார்.

"மெல்சி, நீ மட்டும் இல்லன்னா எம் மவள பாத்திருக்க மாட்டேம்மா."

அதற்குமேல் மெல்சியால் முடியவில்லை. "சித்தப்பா, பிளைட்டுல எடம் இருந்துச்சு. காலைலயே வந்திருக்கலாம். நானும் கூட வரணும்னு ஆசப்பட்டு பொய் சொன்னேன்."

வாசலில் காவலர் கையைக் காட்டி அழைத்தார். சித்தப்பா மகளின் தலையில் கை வைத்துவிட்டு, போகிற போக்கில் மெல்சியின் தலையிலும் வைத்தார். அது அவளுக்கு அடியைவிட வலித்தது.

கப்பல் கண்ணைவிட்டு மறைந்ததும் மெல்சி போனை நீட்டினாள். "பிளைட்டும் இருக்கு, பஸ்ஸும் இருக்கு. நீயே பாத்துச் சொல்லு."

ஃப்ளாவியா இரண்டு விலையையும் பார்த்தாள். "பஸ்ஸே போடு. மூணு பேருக்கும். ஆனா என் பக்கத்துல உக்காராத."

ஜெரின் நடுவில் உட்கார்ந்தான். பல்கேரியா தாண்டும்வரை ஃப்ளாவியா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு டப்பாவில் மிஞ்சிய தூளை அவனுக்குக் கொடுத்து, "அவளுக்கும் கொடுல" என்றாள்.

அதன் பிறகு யார் வழி கேட்டாலும், மெல்சி விலை கூடிய டிக்கெட்டைத்தான் முதலில் காட்டுவாள்.