இமாரித் தட்டின் பின்புறம்

வைதேகி மேசைமேல் துண்டை விரித்து, அந்தப் பீங்கான் தட்டை வைத்தார். நீலம், செங்காவி, பொன். பக்கத்தில் வெட்டுப்பட்ட துருக்கம்பி ஒன்று.

"எங்காத்துத் தட்டு ஜப்பான்ல பண்ணினது. இமாரின்னு சொல்வா. விலை பேச வந்த பழம்பொருள் வியாபாரி குலாம் ரசூல் பாய், இது சீனாதுன்னுட்டார். வேலைக்காரி பொன்மணிதான் மாத்தியிருக்கா. போலீஸ்ல எழுதிக் கொடுத்துட்டேன். நீங்க அசலைக் கண்டுபிடிச்சுக் கொடுங்கோ."

தி. நகர் அலுவலகத்தில் துப்பறிவாளர் சேரன் தட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"மாறினது எப்படித் தெரியும்மா?"

"அசலுக்குப் பின்னாடி மூணு புள்ளித் தழும்பு. நானே பாத்திருக்கேன். இதுல இல்லை."

"ஜப்பான் தட்டுல அது இருக்கும் சார். சூளையில முட்டுக் கொடுத்த தடம்," என்றாள் உதவியாளர் வஜீஹா. "அப்ப திருட்டேதான்."

"பறக்காதே. இந்தக் கம்பி?"

"மாமனார் அதுலதான் தட்டைச் சுவர்ல மாட்டினார். அப்புறம் யாரும் இறக்கினதே இல்லை. பாய்தான் வெட்டி எடுத்தார்."

சேரன் கம்பியை வஜீஹாவிடம் நீட்டினார். தட்டின் விளிம்பில் நான்கு இடங்களில் பொன் தேய்ந்து துருக்கறை படிந்திருந்தது. அவள் வைத்துப் பார்க்க, கம்பியின் நான்கு கொக்கிகளும் அங்கேயே போய் உட்கார்ந்தன.

"இதே தட்டுதான் சார், இத்தனை வருஷமும்."

"ஆமா. ஜப்பான் பாணிக்கு ஐரோப்பாவுல கிராக்கி. அதைப் பாத்துச் சீனாக்காரங்களும் செஞ்சு கப்பலேத்தினாங்க. இது அப்படி வந்தது. யாரும் எதையும் மாத்தலை."

வைதேகி துண்டின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தார்.

"இறக்கவே இல்லாத தட்டோட முதுகை எப்பம்மா பாத்தீங்க?"

"பார்க்கலை. போன்ல படிச்சேன். வெறும் சந்தேகம்னா போலீஸ்ல எடுத்துக்க மாட்டாளேன்னு... புகாரைத் திருப்பி வாங்கிடறேன். அவளை இங்க கூப்பிட்டுச் சொல்லிடட்டுமா?"

"திருடின்னு எங்க வெச்சுச் சொன்னீங்க?"

"தெருவுல."

"அப்ப அவளுக்கு மத்த வீட்டு வேலையும் போயிருக்கும். அங்கயே சொல்லுங்க."

வஜீஹா போன் செய்ய, வைதேகி குடியிருக்கும் மயிலாப்பூர்த் தெருவுக்கே பொன்மணி வந்து நின்றாள். காவலாளியும் எதிர்வீட்டாரும் வாசலில் நின்று பார்த்தார்கள். வைதேகியின் பார்வை தரையைவிட்டு எழவில்லை.

"நீ எடுக்கலை. தழும்பைப் பார்த்தேன்னு நான்தான் பொய் சொன்னேன்."

"ஸ்டேசன்ல இன்னா சொன்ன?"

"அதையேதான்."

"அப்ப அங்க வந்தும் சொல்லு. நட."

பொன்மணி முன்னால் நடந்தாள். தெரு பார்த்திருக்க, தலை குனிந்தபடி வைதேகி பின்னால் போனார்.