மூன்று வால் நரி

"யார்கிட்டயும் சொல்லாதே."

"சொல்ல மாட்டேன். ஆனா நீயே கேக்கலாம்ல? அம்மா வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க."

"வேணாம். இது உங்க வீடு."

இந்தப் பேச்சு நடந்து மூன்று மாதம் ஆகிவிட்டது. வாலுவின் காதில் மட்டும் அது இன்னும் கேட்டுக்கொண்டே இருந்தது.

அவளுக்கு வேறு பெயர் உண்டு. பள்ளிக்கூடத்தில் ஆசிரியை கூப்பிடும்போது மட்டும்தான் அதற்கு வேலை. வீட்டில் அவள் வாலுதான். வயது பதினொன்று.

மூன்று மாதத்துக்கு முன்பு வாலுவின் அம்மாவும், இப்போது அவளுக்குத் தம்பியாகிவிட்ட பையனின் அப்பாவும் கல்யாணம் செய்துகொண்டார்கள். அப்பாவும் எட்டு வயதுத் தம்பியும் தங்கள் சாமான்களோடு இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அன்று தம்பி அலமாரியில் துணி அடுக்கும்போது, நீலத் துண்டில் சுற்றிய எதையோ அடியில் ஒளித்து வைத்தான். வாலு பார்த்துவிட்டாள். அவன் தயங்கித் தயங்கிப் பிரித்துக் காட்டினான்.

சட்டம் போட்ட புகைப்படம். அவனைப் பெற்ற அம்மா அதில் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவன் கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துபோனவள். பழைய வீட்டில் அந்தப் படம் ஹாலில் தொங்கியது. இங்கேயும் தொங்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. ஆனால் கேட்க மாட்டான்.

வாலு வாக்குக் கொடுத்துவிட்டாள். எந்த ரகசியத்தையும் அரைநாள்கூடத் தாங்காதவள் என்று பெயர் வாங்கியவள், மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

இன்னொன்றும் அவளுக்குப் புரியவில்லை. ஹால் சுவரில் ஓர் ஆணி சும்மாவே இருந்தது. வந்த வாரமே அம்மா சொல்லி அப்பா அடித்தது. வாலு அதில் காலண்டரை மாட்டினால் அம்மா கழற்றிவிடுவாள். ஏன் என்று கேட்டால், "அந்த இடம் வேற ஒண்ணுக்கு. கேக்க வேண்டியவங்க கேக்கட்டும்" என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையைத் துடைத்து முடித்ததும் அது ஒரு மாய நாடாகிவிடும். ஆளுக்கொரு வேடம். என்ன நடக்கிறது என்று வாலு கதை சொல்லுவாள். என்ன செய்வது என்று மற்றவர்கள் முடிவு செய்வார்கள். அது பலிக்குமா என்பதை இருபது முகம் கொண்ட பகடை சொல்லும். மற்றதெல்லாம் விதிப் புத்தகத்தில் இருக்கும்.

அம்மாவுக்கு மருந்துக் கடையில் வேலை. விளையாட்டில் அவள் பூட்டுத் திறக்கும் திருடி. ஆனாலும் யாராவது மாயக் கஷாயம் குடிக்கப் போனால், "வெறும் வயித்துல குடிக்காதே" என்று தடுத்துவிடுவாள். அப்பா லிப்ட் மெக்கானிக். தினமும் உயரத்தில் நின்று அலுத்ததாலோ என்னவோ, மலை ஏற மறுக்கும் ராட்சசனாக இருந்தார்.

தம்பி நரி. மனிதனாக உருமாறத் தெரிந்த நரி. அதற்கு ஒரு சடங்கு உண்டு. சாம்பலால் வட்டம் போட வேண்டும், தலையில் இலை வைத்துக்கொள்ள வேண்டும், மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும். கடைசியாக, வெகுநாளாக மனதில் வைத்திருக்கும் ஒரு கோரிக்கையை வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

முதல் வாரம் தம்பி எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தான். மேசையில் மாவால் வட்டம், தலையில் புதினா இலை. கோரிக்கை மட்டும், "ஒரு டம்ளர் தண்ணி வேணும்."

வாலு புத்தகத்தைப் புரட்டினாள். மனதில் இல்லாததைக் கேட்டால் இன்னொரு வால் முளைக்கும் என்று இருந்தது.

அடுத்த வாரம், "வீட்டுப்பாடமே இருக்கக் கூடாது" என்றான். அது ஊரில் உள்ள எல்லாப் பிள்ளைகளின் கோரிக்கை, தனக்கென்று வைத்திருந்தது இல்லை என்று தீர்ப்பானது. மூன்றாவது வாலும் முளைத்தது.

முகமும் கையும் மனிதனுடையவை, பின்னால் மூன்று வால். கதையில் அவர்கள் நுழைய வேண்டிய கோட்டையின் காவலன் உள்ளே விட மாட்டேன் என்றான். வால்களைக் கோணிப்பைக்குள் திணிக்கலாம் என்றாள் அம்மா. தன் வேலைச் சட்டையை மாட்டிவிட்டால் எந்தக் கட்டடத்திலும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்றார் அப்பா. பகடை இரண்டையும் ஒப்புக்கொள்ளவில்லை.

மூன்றாவது வாரம் தம்பி பகடையைத் தொடவே இல்லை.

"நீங்க மூணு பேரும் உள்ளே போங்க. என் நரி வெளியவே இருந்துக்கும்."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் வாலுவுக்கு என்னவோ செய்தது. இது உங்க வீடு என்று அன்றைக்கு இதே குரலில்தான் சொன்னான்.

அவள் யோசித்தாள். ஒவ்வொரு முறையும் கடைசிச் சடங்கு வரும்போது தம்பி மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்ப்பான். வாயைத் திறப்பான். அப்புறம் தண்ணீர் கேட்பான்.

வாலு புத்தகத்தை மூடினாள். "ஒரு விதியை மறந்துட்டேன். ஒரு நரி உருமாறும்போது மத்தவங்க பாக்கக் கூடாது. எல்லாரும் நாற்காலியைத் திருப்பிப் போடுங்க."

"இது புத்தகத்துல இருக்கா?" என்றாள் அம்மா.

"நான்தானே கதை சொல்றேன். திருடிக்கு எதுக்கு இவ்வளவு கேள்வி?"

மூன்று நாற்காலிகளும் ஹால் சுவரைப் பார்த்துத் திரும்பின. தம்பி மட்டும் மேசைப் பக்கம் இருந்தான்.

"முதல்ல ஒரு கிழட்டு நரி செஞ்சு காட்டும்" என்று வாலு இலையைத் தலையில் வைத்துக்கொண்டாள். எழுந்து மூன்று சுற்றுச் சுற்றினாள். கடைசிச் சுற்றில் தடுமாறி அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"டேய், மூணு மாசமா நீ என்னை 'இங்க பாரு'ன்னுதான் கூப்பிடறே. அக்கான்னு கூப்பிடணும். அதான் என் கோரிக்கை."

பின்னால் தம்பி எழுந்தான். நாற்காலி நகர்ந்தது. காலடி அறைக்குள் போனது. அலமாரிக் கதவு கிரீச்சிட்டது. போய்விட்டானோ என்று வாலு பயந்தாள். காலடி திரும்பி வந்தது.

"அக்கா, திரும்பிடாதே."

"திரும்பல."

அவன் மூன்று முறை சுற்றும் சத்தம் கேட்டது. அம்மா மடியில் கைகளை இறுகக் கோத்துக்கொண்டாள். அப்பா மூச்சுகூட மெதுவாக விட்டார். மூவருக்கும் நேர் எதிரே, சுவரில் அந்த வெற்று ஆணி இருந்தது.

துண்டு பிரியும் மெல்லிய சத்தம்.

"எங்க அம்மா படத்தை," என்றான் தம்பி, "அந்த ஆணியில மாட்டலாமா?"