நாற்காலி காலியானால் விமானம் நிற்கும்

ஞாயிற்றுக்கிழமை காலை. கடுகின் அப்பா நடத்தும் சலூனில் உட்கார இடமில்லை. முடி வெட்டும் நாற்காலி மட்டும் காலியாக இருந்தது.

"அடுத்து யாரு?" என்று அப்பா துண்டை உதறினார்.

"தையல்காரர் போகட்டும். பாவம், ரொம்ப நேரமா காத்திருக்காரு" என்றார் பஸ் டிரைவர்.

"எனக்கு என்ன அவசரம்? வாத்தியார் போகட்டும்" என்றார் தையல்காரர்.

கணக்கு வாத்தியார் தலையை நிமிர்த்தவே இல்லை. புத்தகம் அவர் கையில்தான் இருந்தது. மற்ற இருவரும் ஆளுக்கொரு பக்கமாக அவர் தோள் வழியே எட்டிப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லாம் கடுகு செய்த வேலை. கடுகு வீட்டுக்கு ஒரே மகள். பத்து வயது. ஆள் சிறிசு, காரம் பெரிசு என்பதால் தெருவே அவளை அப்படித்தான் கூப்பிடும். பழைய புத்தகக் கடையில் அம்மா வாங்கித் தந்த நாவலை ஒரே மூச்சில் படித்துவிட்டு, காத்திருப்பவர்களுக்குப் பொழுது போகட்டுமே என்று போன வாரம் கடை பெஞ்சில் கொண்டுவந்து வைத்தாள்.

அது ஒரு போர்க்காலக் கதை. காயம்பட்ட வீரர்களை ஏற்றிக்கொண்டு ஒரு விமானம் கிளம்புகிறது. நடுவானில் ஓர் எஞ்சின் தீப்பிடிக்கிறது. உள்ளே இருப்பவர்களில் ஒருவர் எதிரியின் உளவாளி. அது யாரென்று விமானிக்குத் தெரியாது. இப்படி ஒரு கதை கையில் இருந்தால் யாருக்குத்தான் முடி வெட்டிக்கொள்ளத் தோன்றும்?

"என்னமா எழுதியிருக்காரு" என்றார் டிரைவர். "நானும் வண்டி ஓட்டுறவன்தான். இதைப் படிச்சா என் காலு தானா பிரேக்கைத் தேடுது."

"எனக்கு அந்த நர்ஸ் மேலதான் சந்தேகம்" என்றார் தையல்காரர்.

"கொஞ்சம் சும்மா இருங்க. தீ இறக்கைக்கு வந்துடுச்சு" என்றார் வாத்தியார்.

கடுகுக்கு உளவாளி யாரென்று தெரியும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அவளைப் பொறுத்தவரை அது பெரிய சாதனை.

அப்பா அவளைத் தனியே அழைத்தார். "புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடும்மா. கடை நிறைய ஆளு, கல்லா காத்து வாங்குது. இப்படியே போனா கடையை மூட வேண்டியதுதான்."

அவர் மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் பெஞ்சில் இருந்தவர்களுக்குக் கேட்டுவிட்டது. வாத்தியார் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

கடுகு யோசித்தாள். அப்பா சொல்வது நியாயம். ஆனால் பாதிக் கதையில் புத்தகத்தைப் பிடுங்குவது பெரிய பாவம். பந்தியில் உட்கார வைத்துவிட்டு இலையை உருவுவது போல.

"சார், புத்தகத்தைக் கொடுங்க" என்று வாங்கிக்கொண்டு, காலி நாற்காலியின் பக்கத்தில் போய் நின்றாள். "இனிமே நானே சத்தமா படிக்கிறேன். ஆனா ஒரு சட்டம். நாற்காலியில ஆள் இருந்தாத்தான் படிப்பேன். நாற்காலி காலியானா விமானம் நின்னுடும்."

"வானத்துல விமானம் எப்படிம்மா நிக்கும்?" என்று கேட்டார் வாத்தியார்.

"அதான் சார் பிரச்சினை. யாராவது சீக்கிரம் வாங்க."

டிரைவர் ஓடிவந்து உட்கார்ந்தார். கடுகு படித்தாள். கத்திரி ஓடியது. டிரைவரின் தலை முடிந்து அப்பா துண்டை உதறியதும், "அப்போது விமானியின் பின்னால் கதவு மெல்ல..." என்ற இடத்தில் கடுகு நிறுத்தினாள்.

"மெல்ல என்ன ஆச்சு?" என்று கேட்டபடியே தையல்காரர் நாற்காலிக்குத் தாவினார்.

அதன் பிறகு நாற்காலி காலியாகவே இல்லை. தெருவில் போனவர்கள்கூட நின்று கேட்டு, உள்ளே வந்தார்கள். வழுக்கைத் தலைக் காவலாளி, "ஓரத்துல நாலு முடி இருக்கு. அவசரப்படாம வெட்டுங்க" என்றார். எஞ்சின் மறுபடி தீப்பிடித்தபோது கத்திரிச் சத்தம் நின்றுவிட்டது. கடுகு நிமிர்ந்து பார்த்தாள்.

"கை வலிக்குது, அதான்" என்றார் அப்பா.

மதியம் தாண்டியது. பெஞ்சில் இருந்த எல்லாத் தலையும் வெட்டியாகிவிட்டது, எல்லாத் தாடியும் மழித்தாகிவிட்டது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. நாற்காலி காலி.

கடுகு புத்தகத்தை மூடினாள்.

"ஒரே ஒரு அத்தியாயம்தானே கண்ணு" என்று கெஞ்சினார் டிரைவர். "எனக்கு இதுக்கு மேல வெட்டினா டிப்போவுல உள்ளேயே விடமாட்டாங்க."

"சட்டம்னா சட்டம்தான்" என்றாள் கடுகு.

அப்பா வாசலைப் பார்த்தார். புதிதாக யாரும் வரவில்லை. அவர் துண்டைத் தன் கழுத்திலேயே கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கத்திரியைத் தையல்காரரிடம் நீட்டினார்.

"நீங்களும் கத்திரி பிடிக்கிறவர்தானே? எப்படி வேணும்னாலும் வெட்டுங்க. கடுகு, நீ படிம்மா. அந்த நர்ஸா இல்லையான்னு தெரியாம எனக்கு இன்னைக்குத் தூக்கம் வராது."

தையல்காரர் பழக்க தோஷத்தில் இஞ்ச் டேப்பைத் தேடினார். கடுகு கடைசி அத்தியாயத்தைத் திறந்தாள்.