உபின் தீவில் பாராங் வெட்டு

காலை 11.40. உபின் தீவின் வடகரையில், சதுப்புக்காட்டு ஓரத்துத் தகர வீட்டில், அழகர்சாமி வெட்டுப்பட்டுச் செத்துக் கிடந்தார். இரண்டு குதிகால் நரம்புகளும் பாராங் கத்தியால் அறுபட்டிருந்தன. வயிற்றில் ஓர் ஆழமான வெட்டு. ரத்தத்தில் ஊர்ந்த தடம் முன்கதவுவரை வந்து நின்றிருந்தது. கதவின் அடிப்பலகை முழுக்க நகக் கீறல்கள்.

12.50. இன்ஸ்பெக்டர் ஷமீமா சிங்கப்பூர்க் கரையின் சாங்கியிலிருந்து படகில் தீவின் பெரிய ஜெட்டிக்கு வந்து, வேன் பிடித்து அங்கே போய்ச் சேர்ந்தார். வீட்டின் பின்னால் சிறிய மர ஜெட்டி. கடல் வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. ஜெட்டித் தூணில் கட்டியிருந்த சம்பான் என்ற துடுப்புப் படகு சேற்றில் சாய்ந்து கிடந்தது. சுற்றிலும் வழவழவென்ற சேறு, நண்டுப் பொந்துகள்.

"வெட்டு விழுந்தது விடியற்காலை. உயிர் போனது பதினொன்றரை வாக்கில்," என்றார் மருத்துவர்.

வீட்டில் இருந்தவர்கள் இருவர். பிணத்தை முதலில் பார்த்தவன் சைக்கிள் வாடகைக் கடை இர்ஃபான். அவன் அலறல் கேட்டு ஓடிவந்தவர் கழிமுகத்துக்கு அப்பால் தனியாக வசிக்கும் கோவிந்தசாமி, அறுபத்தெட்டு வயது. உயிர் இருக்கிறதா என்று தூக்கிப் பார்த்ததில் இருவர் சட்டையிலும் ரத்தம்.

"நேத்து இந்த இர்ஃபான் அழகர்சாமியக் கொன்னுடுவேன்னு கத்தினானாம், மேடம்," என்றார் சார்ஜென்ட் பவித்ரா.

"என் நாய்க்கு விஷம் வச்சாரு, கத்தினேன்," என்றான் இர்ஃபான். "இன்னிக்கும் கேக்கத்தான் வந்தேன். வெட்டல லா!"

ஷமீமா கோவிந்தசாமி பக்கம் திரும்பினார்.

"நீங்க எப்படி வந்தீங்க, ஐயா?"

"சம்பான்ல மீன் பிடிச்சுக்கிட்டு வந்தேன். சத்தம் கேட்டுச்சு. பின் ஜெட்டியில கட்டிட்டு ஓடியாந்தேன்."

"பதினொன்னே முக்காலுக்கா?"

"ஆமா."

ஷமீமா தன் கைப்பேசியில் அன்றைய கடல் ஏற்ற இறக்க நேரங்களைப் பார்த்தார்.

"ஆறு மணிக்கு ஏத்தம். ஒன்பதுக்கெல்லாம் இங்க தண்ணி வத்திடுச்சு. சேத்துல இழுத்துட்டு வந்தீங்கன்னா தடம் இருக்கணும். ஒரு கோடுகூட இல்ல. தண்ணி நிறைஞ்சிருந்தப்பதான் சம்பான் இங்க வந்திருக்கு. பையன் வந்ததும் பின்வாசல் வழியா வெளியே போயிட்டு, புதுசா வர்ற மாதிரி ஓடியாந்தீங்க."

ஷமீமா அவர் அருகே வந்தார்.

"வெட்டுன கையோட போயிருக்கலாமே. ரெண்டு மணி நேரம் தண்ணி இருந்துச்சு. ஏன் போகல?"

அவர் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"போன வருஷம் என் பொண்டாட்டி பாக்கியலட்சுமி நெஞ்சு வலியில விழுந்தா. பேய் மழை. போன்ல சிக்னல் இல்ல. மோட்டர் படகு இந்த அழகர்சாமிகிட்டதான் இருந்துச்சு. கால்ல விழுந்து கேட்டேன். எஞ்சின் கெட்டுப்போச்சுன்னு கதவச் சாத்திட்டான். மறுநாள் அதே படகுல மீன் பிடிக்கப் போறான்."

அவர் கதவின் நகக் கீறல்களைப் பார்த்தார்.

"அவ அஞ்சு மணி நேரம் மூச்சுக்குத் தவிச்சா. அதனாலதான் இன்னிக்கு உயிர் போற வரைக்கும் கதவப் பூட்டிட்டு இவன் எதிர்ல உட்கார்ந்தேன். தண்ணி குடுன்னு கெஞ்சினான்."

"குடுத்தீங்களா?"

"குடுத்தேன். சீக்கிரம் செத்துடக் கூடாதுல்ல."