காகிதக் கத்தி

அறையில் இருந்தவர்கள் மூன்று பேர். வீட்டுக்கார அக்கா, எழுபதைத் தாண்டியவர். அவருடைய தம்பி, ஓய்வு பெற்ற பல் டாக்டர். பழம்பொருளுக்கு மதிப்புப் போட வந்தவள். மேசைமேல் திறந்து வைத்த மரப்பெட்டிக்குள், எழுது மேசைக்கான தந்தக் கருவிகள் ஏழு. ஆறு சில்லென்று இருந்தன. ஏழாவது, காகிதம் வெட்டும் கத்தி, யாரோ இவ்வளவு நேரம் கையில் வைத்திருந்துவிட்டுக் கீழே வைத்ததுபோல வெதுவெதுப்பாக இருந்தது.

அவளுக்கு முன்பு யாரும் அதைத் தொடவில்லை. அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

தந்தத்தைக் கீழுதட்டில் வைத்துப் பார்ப்பது அந்தத் தொழிலில் முதல் வேலை. ஏழையும் அப்படித்தான் வைத்துப் பார்த்திருந்தாள். விரலைவிட உதட்டுக்குக் குளிர் நன்றாகத் தெரியும். பிளாஸ்டிக் சட்டென்று சூடேறிவிடும், தந்தம் குளிர்ச்சியைப் பிடித்து வைத்திருக்கும். கற்றுக்கொடுத்தது அவள் கணவன். அவனும் இதே தொழில்தான். ஐந்து வருடத்துக்கு முன்பு ஒரு விடுமுறை நாளில் எவர் வீட்டுக்கோ மதிப்புப் போடப் போனவன் திரும்பவில்லை. எந்த வீடு என்று அவளுக்குத் தெரியாது. விலையுள்ள பொருள் இருக்கிற விலாசத்தைக் கட்டிய மனைவியிடம்கூடச் சொல்லக் கூடாது என்பது தொழில் ஒழுங்கு, அவன் அதில் ரொம்பச் சுத்தம். போலீஸ்காரர்கள் ஒரு மாதம் தேடிவிட்டு, எவளோடாவது போயிருப்பான் என்று கையைக் கழுவினார்கள். உன் வீட்டுக்காரர் மதிப்புப் போடாமல் விட்டுவிட்டுப் போன ஒரே பொருள் நீதான் என்று அவள் வேலை பார்க்கிற இடத்து மேலாளர் ஒருமுறை சிரித்தார். அவளும் சிரித்து வைத்தாள். நாளாக ஆக, ஓடித்தான் போனான் என்று நம்பவும் செய்தாள். துக்கத்தோடு சாப்பிட முடியவில்லை, ஆத்திரத்தோடு முடிந்தது. ஓடிப்போனானா, செத்துப்போனானா, இது ஒன்று தெரிந்தால் போதும். வேறெதையும் அவள் கேட்கவில்லை.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. மாலை நாலு மணிக்கே அறை மங்கி, பழைய மெழுகும் ஈரத் துணியும் கலந்த வாடையின் அடியில் கிராம்புத் தைலத்தின் நெடி மெல்ல மெல்ல மேலே வர, கூரைக் குழாயிலிருந்து தண்ணீர் விட்டு விட்டு யாரோ தொண்டையைச் செருமுவதுபோல இறங்கிக்கொண்டிருந்தது. அவள் விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்தாள். அடிகோல், பேனாக்கட்டை, முத்திரைப்பிடி. வெட்டுமுகத்தில் வலை பின்னியதுபோலக் குறுக்கும் நெடுக்கும் ஓடும் மெல்லிய வளைகோடுகள். தந்தமேதான், சந்தேகமில்லை. எல்லாவற்றிலும் குடும்பத்தின் இரண்டு எழுத்துகள் கொடிபோலப் பின்னிக் கிடந்தன. உளியால் வெட்டியவை. பள்ளத்தின் அடி கூர்மையாக இருந்தது, நூறு வருட அழுக்கு அதில் படிந்திருந்தது.

பல் டாக்டர் பேச்சுக் கொடுத்தார். நாற்பது வருடத்தில் யானை ஒன்றுகூடத் தன் நாற்காலியில் வந்து உட்காரவில்லை என்றும், ஒன்றே ஒன்று வந்திருந்தால் அன்றைக்கே கடையைச் சாத்திவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன் என்றும் சொன்னார். அக்கா சிரிக்கவில்லை. அவர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். எட்டுக் குழி, ஏழு பொருள்.

மதிப்புப் போடுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இருப்பதைச் சொல்லும் முன்பு இல்லாததைச் சொல்லிவிடுவார்கள்.

"ஒண்ணு குறையுதேம்மா," என்றாள்.

"தெரியும்," என்றார் அக்கா. "முன்னாடி வந்தவர் ரெண்டு குறையுதுன்னார். நேர்மையான மனுஷன்."

"அக்கா," என்றார் தம்பி.



அவள் கத்தியை எடுத்துப் பூதக்கண்ணாடிக்குக் கீழே பிடித்தாள். வலை இல்லை. வலைக்குப் பதில் பொடிப் பொடியாகக் கரும்புள்ளிகள், ரத்தம் ஓடிய துளைகள். எலும்பு. எழுத்துகள் அதே இரண்டு எழுத்துகள்தான். ஆனால் பள்ளத்தின் அடி உருண்டையாக இருந்தது. உளி போட்ட வேலை இல்லை. பல் குடைகிற டிரில் போட்டது. அழுக்கே இல்லை.

கைப்பிடிக்குக் கீழே மூன்று சிறு வட்டங்கள். மெழுகு வைத்து அடைத்திருந்தார்கள். சமமான இடைவெளி. நான்காவது இடத்தில் மெழுகு இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டு. ஊசி முனையால் தட்டினாள்.

டிக்.

இரும்பு.

கல்யாணமான இரண்டாம் வருடம் அவன் வண்டியோடு சறுக்கி விழுந்தான். வலது முன்கை. தகடு வைத்து நாலு திருகு போட்டார்கள். அடுத்த வருடம் கழற்றும்போது மூன்று வந்தன. நான்காவது முறிந்து எலும்புக்குள்ளேயே நின்றுவிட்டது. இருந்துட்டுப் போகட்டும், சோறா கேக்கப்போகுது என்றார் எலும்பு டாக்டர். மழை பெய்தால் மட்டும் அங்கே வலிக்கும். அவள் துணியைச் சுடவைத்து ஒற்றிக்கொண்டே இருப்பாள், அந்த இடம் வெதுவெதுப்பாகும்வரை.

மழை பெய்துகொண்டிருந்தது.

சற்று முன்னால் அதை உதட்டில் வைத்திருந்தாள். ஐந்து வருடத்துக்குப் பிறகு.

ஓடிப்போகவில்லை. எங்கேயும் போகவில்லை. வேலைக்குத்தான் வந்திருக்கிறான்.

"அவர் எங்க?"

தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "உள்ள இருக்கார்," என்றார் அக்கா. "பாவம், வேலை இன்னும் முடியல. நீ போறதுன்னா போயிடும்மா. வாசக் கதவு திறந்துதான் கெடக்கு."

உண்மைதான். திறந்துதான் இருந்தது. குடை பிடித்துக்கொண்டு ஒருத்தி தெருவைக் கடந்தாள். எங்கோ ஒரு பஸ் ஹாரன் அடித்தது. பத்து எட்டு வைத்தால் தெரு. அவள் அந்தப் பத்து எட்டை நினைத்துப் பார்த்தாள். பீரோவில் அவன் சட்டைகள் இருந்த தட்டு காலி. எல்லாவற்றையும் பழைய துணிக்காரனிடம் போட்டுவிட்டாள், திட்டிக்கொண்டே.

கத்தியைப் பெட்டியில் வைக்கவில்லை. பூதக்கண்ணாடியோடு சேர்த்து நெஞ்சில் அணைத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தாள்.

ஜன்னல் இல்லாத அறை. ஒரு விளக்கு. ஒரு மேசை. முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு அவள் இஸ்திரி போட்டுக் கொடுத்த நீல முழுக்கைச் சட்டை. வலது கைப்பக்கம் முழங்கைக்குக் கீழே வெறும் துணி.

"உங்களை ரொம்பத் திட்டிட்டேன்," என்றாள். "ஓடிப்போயிட்டீங்கன்னு நெனைச்சு."

தலை அசையவில்லை. இடது கை மட்டும் பின்னால் நீண்டது, உள்ளங்கை மேலே பார்த்தபடி. வேலை நடுவே பூதக்கண்ணாடி கேட்கும்போது அப்படித்தான் நீட்டுவான். திரும்ப மாட்டான்.

தோல் இல்லை. சதை இல்லை. விரலெலும்பு ஒவ்வொன்றிலும் இரண்டு எழுத்து. அவன் பெயரின் முதல் எழுத்து, அவள் பெயரின் முதல் எழுத்து. ஒன்றுக்குள் ஒன்று பின்னி. பள்ளத்தின் அடி கூர்மை. டிரில் இல்லை. உளி. சாய்வு அவன் கையெழுத்தின் சாய்வு. இல்லாத அந்த வலது கையின் சாய்வு.

அவள் பூதக்கண்ணாடியை அந்தக் கையில் வைத்தாள்.

விரல்கள் மூடிக்கொண்டன. அவள் விரல்களையும் சேர்த்து.

பின்னால் அக்கா கதவைச் சாத்தினார். சாவி இரண்டு சுற்றுச் சுற்றியது.