கசக்காத மாத்திரை

அன்று காலை மாத்திரை கசக்கவில்லை.

நாக்கில் பட்டதுமே குமட்டும் கசப்பு அது. ஒரு மாதமாக உண்ணாமலைக்குப் பழக்கம். இன்று சுண்ணாம்புத் தூளைப் போல வாயில் கரைந்தது. தினமும் அட்டையிலிருந்து பிரித்து, தண்ணீர் செம்போடு கொண்டுவந்து கொடுப்பவன் அவள் புருஷன் தனசேகரன்தான். தாலி கட்டியவன் கொடுப்பதை யாராவது சந்தேகப்படுவார்களா? விழுங்கிவிட்டாள்.

அவளுக்கு எட்டாம் மாதம். தொப்புளைச் சுற்றி அரிப்பாகத் தொடங்கி, நீர் கோத்த கொப்புளங்களாக வயிறெங்கும் கிளம்பியது. வேலூர் டாக்டரம்மா தனசேகரனை எதிரே உட்காரவைத்துப் படித்துப் படித்துச் சொன்னாள். இது அம்மை இல்லை, கர்ப்பத்தில் அபூர்வமாக வரும் தோல் நோய், யாருக்கும் ஒட்டாது. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. எல்லாவற்றுக்கும் பூம்பூம் மாடாய்த் தலையாட்டிவிட்டு ஆரணிக்குப் பஸ் ஏறினான் அந்த மகராசன்.

மூன்றாம் நாள், வற்றியிருந்த கொப்புளங்கள் மறுபடி எழும்பின. இந்த முறை பாதங்களிலும்.

நாலாம் நாள் கூடத்துத் தறி ஓடவில்லை. விடிந்ததும் தறிப்பலகை இடிக்கும் சத்தம் கேட்டே பழகிய வீட்டில் தாளிக்கும் வாசனையும் இல்லை. மூடியிருந்த அறைக்கதவின் அடியிலிருந்து கசங்கிய வேப்பிலையின் பச்சை வாடையும், மஞ்சள் நெடியும், பல பேர் பேசாமல் நின்று மூச்சுவிடும் ஓசையும் மெல்ல மெல்ல உள்ளே வந்தன. கதவிடுக்கு வெளிச்சத்தில் கால்களின் நிழல்கள் நகர்ந்தன. கதவைத் தள்ளிப் பார்த்தாள். வெளியே தாழ் போட்டிருந்தது.

“அத்தை! கதவத் தெறங்க. ஒடம்பெல்லாம் எரியுது, வேலூருக்குப் போவணும்.”

என்றைக்கும் ‘ஏண்டி’ என்று அதட்டும் மாமியார் செல்லியம்மாளின் குரல் இன்று குழைந்து நடுங்கியது.

“தறிய நிறுத்திட்டோம் தாயே. மேலெல்லாம் முத்து போட்டுகினு எங்க வூடு தேடி வந்திருக்க. மருந்து குடுத்தா கோச்சிக்குவியேன்னுதான் நாலு நாளா பையன் சத்து மாத்திரைய மாத்திக் குடுத்துகினு இருக்கான். முன்ன குடுத்தத மன்னிச்சிக்கோ.”

“ஏங்க! அங்கதான இருக்கீங்க? இது அம்மை இல்லன்னு உங்ககிட்டதான சொன்னாங்க? சொல்லுங்களேன்!”

கதவுக்கு அந்தப் பக்கம் தனசேகரன் தொண்டையைச் செருமினான். அவ்வளவுதான். உடம்பின் எரிச்சலைவிட அது சுட்டது. தெரியாதவன் செய்திருந்தால் மன்னித்திருப்பாள். இவனுக்குத் தெரியும். எல்லாம் தெரியும்.

வயிற்றைத் தொட்டாள். காலையிலிருந்து பிள்ளை புரளவே இல்லை.

தாழ் விலகியது. கற்பூரப் புகை. புகைக்குள் முகங்கள். தெருவே நின்றது. அவள் தெருவில் தினம் பார்த்த முகங்கள். ஒருவர்கூட அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

“புள்ள அசையல! யாராச்சும் ஆட்டோ கூப்புடுங்க!”

“வாக்கு சொல்றா! ஆத்தா வாக்கு சொல்றா!”

குலவை. காது கிழிய. அவள் கத்தக் கத்த, மேலும் குலவை.

தனசேகரன் வந்தான். ஈர வேட்டி. நெற்றி நிறையக் குங்குமம்.

“என்னைத் தூக்கிகினு போங்க,” என்றாள்.

அவன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். அவள் பாதங்களில் நெற்றியை வைத்து அழுத்தினான். கொப்புளம் ஒன்று உடைந்தது. ஈரம்.

“தாயே” என்று நிமிர்ந்தான். குங்குமத்தின் மேல், அவன் நெற்றியில் ஒட்டிக்கொண்டிருந்தது அவள் தோல். அது விழுந்துவிடாமல், பக்தியோடு, உள்ளங்கையால் அழுத்திக்கொண்டான்.