பக்கத்து சீட்

"டென்ட் போட்டுப் படுக்கப் போறீங்களாமே. வீட்ல கட்டில் இல்லையா அண்ணி?"

விடிந்ததும் விடியாததுமாக நாத்தனார் ஆரம்பித்துவிட்டாள். அண்ணி பிளாஸ்கில் டீயை ஊற்றி மூடினாள்.

அவள் கணவர் கடற்கரைச் சாலையில் பஸ் ஓட்டியவர். கல்யாணமான புதிதில், "உன்னை அங்க கூட்டிட்டுப் போறேன்" என்று வாக்குக் கொடுத்தார். அவருக்கு லீவு கிடைத்தபோதெல்லாம் வீட்டில் ஏதாவது வந்து குறுக்கே நின்றது. நாத்தனாருக்குப் பிரசவம், மாமியாருக்கு ஆபரேஷன். மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டுமே என்று கார் ஓட்டவே கற்றுக்கொண்டாள் இந்த மனுஷி. பிறகு, வீடு கட்டி முடியும்வரை என்று நாத்தனார் வந்து தங்கினாள். வீடு கட்டி முடிந்து வாடகைக்கும் விட்டாயிற்று, அவள்தான் போகவில்லை. இப்போது கணவரும் ரிடையர் ஆகிவிட்டார்.

"எங்களை அம்போன்னு விட்டுட்டுப் போறீங்க..." நாத்தனார் கண்ணைக் கசக்கினாள்.

"சோறு வடிக்கத் தெரியும்ல உனக்கு?" என்று கேட்டுவிட்டு, அண்ணி டென்ட்டைத் தூக்கிக் காரில் வைத்தாள். இப்படிப் பேசியது தன் வாய்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

மதியத்துக்கு மேல் கடல் வந்தது. வளைவுக்கு வளைவு நிறம் மாறியது.

"அதோ பாருங்க, கப்பல்."

"ம்" என்றார் கணவர், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பாறை மேல எவ்வளவு பறவை பாருங்க."

"ம்."

போதாக்குறைக்கு, பழக்கதோஷத்தில் ஒவ்வொரு பஸ் ஸ்டாப்பிலும் காரை ஓரங்கட்டினார். ஒரு ஸ்டாப்பில் கூடையோடு நின்ற அம்மாள் பின்கதவைத் திறந்து ஏறியே உட்கார்ந்துவிட்டாள். அவளைச் சந்தையில் இறக்கிவிட்ட பிறகுதான் மேலே போக முடிந்தது.

"வண்டியைத் திருப்புங்க. வீட்டுக்குப் போலாம்" என்றாள் மனைவி.

"ஏம்மா?"

"உங்களுக்கு இது அலுத்துப்போன கடல். நான்தான் பைத்தியம் மாதிரி இத்தனை வருஷம் ஆசைப்பட்டு... என்னைக் கூட்டிட்டு வந்தது உங்களுக்கு இன்னொரு டியூட்டி, அவ்வளவுதானே." அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

அடுத்த ஸ்டாப்பில் கார் நின்றது. இந்தத் தடவை அவர் தெரிந்தேதான் நிறுத்தினார்.

"நான் பார்த்ததே இல்லம்மா."

"எதை?"

"கடலை. பஸ் நிறைய ஜனம். இந்த வளைவுல கண்ணை எடுக்க முடியுமா? ஜனங்க 'அடேயப்பா'ன்னு சொல்வாங்க. இங்க நல்லாயிருக்கும்போலன்னு நினைச்சுக்குவேன். கடைசி ஸ்டாப்புக்குப் போய்ச் சேரும்போது இருட்டிடும். முதல்ல உன்னோடதான் பார்க்கணும்னு வேற வச்சிருந்தேன்... இப்ப என்னடான்னா கண்ணு ரோட்டை விட்டு வரமாட்டேங்குது."

அவள் கோபம் போன இடம் தெரியவில்லை. இறங்கிச் சுற்றி வந்து அவர் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"தள்ளி உட்காருங்க. நான் ஓட்டறேன்."

"நீயா?"

"உங்கம்மாவை ஆஸ்பத்திரிக்கு யார் ஓட்டிட்டுப் போனதாம்?"

பக்கத்து சீட்டுக்கு மாறிய மனிதர் முதல் இரண்டு வளைவுக்கு இல்லாத பிரேக்கை மிதித்தார். மூன்றாவது வளைவில் மிதிக்கவில்லை. அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். ஜன்னலில் முகத்தை வைத்து அழுதுகொண்டிருந்தார்.

"ஏம்மா... வண்டியைக் கொஞ்சம் திருப்பறியா? அந்தக் கப்பலைப் பார்க்கணும்."

"அது இந்நேரம் எங்கேயோ போயிருக்கும்" என்று சிரித்தாள். ஆனாலும் திருப்பினாள்.

சாயங்காலம் டென்ட் அடித்து முடித்தபோது நாத்தனாரிடமிருந்து போன் வந்தது.

"அண்ணன் சாப்பிட்டாரா?" குரல் இன்னும் உர்ரென்றே இருந்தது.

"எங்க... கூப்பிட்டா வரமாட்டேங்கிறார். இப்பத்தான் முதல்முதலா கடலைப் பார்க்கறாராம்."

"நீங்க?"

"நானும்தான்."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"எனக்குத் தோணவே இல்ல அண்ணி... ஒரு வாரம் இருந்துட்டு வாங்க. எனக்குச் சோறு வடிக்கத் தெரியும். இன்னைக்குக் குழைஞ்சுபோச்சு, அவ்வளவுதான்."